கம்பூன் வீட்டில் பதினோரு ஓட்டு

"உங்க ஊர்த்தலைவரு எந்தக் கட்சி?"

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, கோன்கேன் நகருக்குப் போகும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயலாமலும் இல்லை.

கம்பூன் இருபது வருடமாக எங்கள் ஊருக்குத் தலைவர். அரசை எதிர்த்துப் போராடிய சிவப்புச் சட்டைக்காரர்கள் ஓங்கியிருந்தபோது லாரி பிடித்து ஆட்களோடு பாங்காக் போராட்டத்துக்குப் போனார். ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு மறுநாளே திரும்பிவிட்டார். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அந்த லாரியில் வந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தவரும் அவரே. மூன்றாவது பெயர் என் அப்பாவுடையது. அவரை ராணுவ முகாமில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவரிடம் கம்பூன், "உடம்ப பாத்துக்கப்பா" என்றார்.

இந்த முறை அவர் பிடித்தது ஒன்பதாம் எண் வேட்பாளரை. ஊர் ஓட்டு மொத்தமும் விழுந்தால் மகன் தோங்கூனுக்கு அரசு அலுவலகத்தில் ஓட்டுநர் வேலை. அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஓட்டுப் போடும் நாளில் ஒட்டரிசிச் சோறும் லாப் என்கிற காரமான கொத்துக்கறியும் போட்டு, தன் பிக்கப் வண்டியில் எல்லோரையும் ஏற்றிச் சென்றார்.

"ஒம்பது. மறந்துராதீங்க."

"உங்க சோத்த தின்னுட்டு மறப்பமா தலைவரே?" என்றாள் கோழி சுட்டு விற்கும் சம்லீ அக்கா. நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு விகாரை மண்டபத்தில் எண்ணத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சீட்டையும் ஊருக்குத் தூக்கிக் காட்டி, எண்ணை உரக்கப் படிப்பார்கள்.

"மூணு."

"மூணு."

"மூணு."

மூன்று, இளைஞர்களின் புதுக் கட்சி. முதல் வரிசையில் கம்பூன், வேட்பாளரின் ஆளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்காங்க." அரைமணி நேரம் கழித்துப் போனை அணைத்துவிட்டார். கடைசியில் ஒன்பதுக்கு விழுந்தது ஏழு ஓட்டு.

"தலைவரே, உங்க வீட்ல எத்தன ஓட்டு?" என்று சம்லீ அக்கா கேட்டாள்.

பதினொன்று. எல்லோருக்கும் தெரியும்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீயுமா?"

"ஓட்டு ரகசியம்னு நீங்கதான மைக்ல சொன்னீங்க."

பிறகு மகனைப் பார்த்தார். "டேய், உனக்காகத்தானேடா இவ்வளவும்."

தோங்கூன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நானும் மூணுதாம்ப்பா. நீ அவங்க கால்ல விழுந்து வாங்குற வேல. அப்புறம் நான் தெனமும் விழணும். வேணாம்."

யாரும் சிரிக்கவில்லை. கம்பூன் பிக்கப்பைக் கிளப்பி, ஏறுவார்கள் என்று காத்திருந்தார். எல்லோரும் நடந்தே போனோம். தோங்கூனும்தான்.

கம்பூன் இன்னும் தலைவர்தான். சட்டப்படி அறுபது வயதுவரை இருக்கலாம்; அவருக்கு ஐம்பத்து மூன்றுதான் ஆகிறது. அதனால் இதைப் படிப்பவர்கள் பக்கத்து ஊர்களிலும் சொல்லுங்கள். அங்கேயும் இப்படித் தலைவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் மகன்கள் இருப்பார்கள்.