குழாய் அடைக்காது என்று சொன்னேன்

என் வீட்டில் காய்ச்சிய விஸ்கி என்று ஆறு வருடங்களாக நான் ஊற்றிக் கொடுத்தது கடையில் வாங்கிய விஸ்கி. அதைக் காய்ச்சும் வழி என்று அருளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது, சொல்லும்போதே இட்டுக்கட்டியது. அதை நம்பி அடுப்பைப் பற்றவைத்த அருளுக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

இவ்வளவுதான் விஷயம். மீதியெல்லாம் விளக்கம்... விளக்கம் சொல்கிறவனை நம்பாதீர்கள்.

நீங்களும் என் பேஸ்மென்டுக்கு வந்து குடித்தவராக இருக்கலாம். பிளெய்ன்ஸ்பரோ வட்டாரத்தில் சனிக்கிழமை விருந்துகளுக்குப் போகிற தமிழர் என்றால் நிச்சயம் வந்திருப்பீர்கள். கண்ணை மூடி ஒரு மிடறு விழுங்கித் தலையையும் ஆட்டியிருப்பீர்கள். என்னைக் காறித் துப்புமுன் அந்தத் தலையாட்டலை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

உண்மையாகவே ஒரு முறை காய்ச்சினேன். ஒரே ஒரு முறை.

காரணம் பாஸ்கர். என்னோடு வேலை பார்ப்பவன். வீட்டிலேயே பீர் செய்து எல்லாரையும் அழைத்துக் குடிக்கவைத்தான். நீராகாரத்தில் சோப்பு விழுந்தது போல இருந்தது அது. அதற்கே கூட்டம் ஆகா என்றது. எனக்கு வயிறு எரிந்தது. பீர் எவன் வேண்டுமானாலும் செய்வான், நான் விஸ்கி செய்து காட்டுகிறேன் என்று அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

இந்த நாட்டில் பீரும் ஒயினும் வீட்டில் செய்துகொள்ளலாம். காய்ச்சி வடித்தால் குற்றம். அந்தக் குற்றம்தான் எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு நாள் லீவுக்குக்கூட மேனேஜரிடம் பல்லிளிக்கிற ஒருவனுக்கு, சட்டத்தை மீறுகிறோம் என்பதே பாதி போதை அல்லவா!

பன்னீர் வடிக்க என்ற பெயரில் விற்கிற செம்புப் பானை ஒன்றை இணையத்தில் வாங்கினேன். மேலே வளைந்த குழாயுடன் பளபளவென்று இருந்தது. மக்காச்சோளத்தையும் முளைகட்டிய பார்லியையும் வேகவைத்து, ஈஸ்ட் போட்டு, பிளாஸ்டிக் டிரம்மில் மூடிவைத்தேன். ஊரில் போலீஸ்காரர்கள் காட்டுக்குள் தேடிப்போய் உடைத்து ஊற்றுகிற அதே சாராய ஊறல்தான். இங்கே அதற்கு ஹாபி என்று பெயர்.

"என்னங்க, உங்க டிரம் நாத்தம் டிரையர்ல இருக்கற துணிக்குள்ள வரைக்கும் போகுது. பசங்க ஸ்கூலுக்கு அதையே போட்டுட்டுப் போறாங்க" என்றாள் என் மனைவி கவிதா.

ஐந்தாம் நாள் காய்ச்சினேன். குழாயின் நுனியில் சொட்டியது நகச்சாயம் அழிக்கிற திரவம் போல நாறியது. விரலில் தொட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன்... நாக்கு மரத்துவிட்டது. அடுப்பை அணைத்து, எல்லாவற்றையும் துணி துவைக்கிற தொட்டியில் கொட்டிவிட்டு ஓடி வந்தேன். கண் போய்விடுமோ என்ற பயத்தில், மறுநாள் காலையில் காலண்டரில் நல்ல நேரம், ராகு காலம் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். இதுதான் உங்கள் விஸ்கி மேதையின் முழு அனுபவம்.

அதற்குள் சனிக்கிழமைக்கு எல்லாரையும் அழைத்தாயிற்று. என்ன செய்வது? தோற்றேன் என்று சொல்லியிருக்கலாம். பாஸ்கர் முன்னாலா? கடைக்குப் போய் நடுத்தர விலையில் ஒரு போர்பன் விஸ்கி வாங்கினேன். வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளை உரித்தேன். விடாப்பிடியாக ஒட்டியிருந்த பசையைத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து எடுத்தேன். வெள்ளைத் தாளில் 'பேட்ச் 1' என்று என் கையால் எழுதி ஒட்டினேன்.

வாயில் வைத்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஊற்றினேன். கண்டுபிடிக்கவாவது!

"கடைச் சரக்குல இந்த ஸ்மூத்னெஸ் வராதுப்பா. இதுல ஒரு ஹோம்மேட் டச் இருக்கு" என்றான் பாஸ்கர்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று? இவர்களுக்கு மதி இல்லாமல் இல்லை. ஒவ்வொருவனும் இரண்டு பட்டம் வாங்கியவன். அடுத்த முறை, கொஞ்சம் கருப்பட்டி சேர்த்தேன் என்று சும்மா சொல்லிவைத்தேன். மூன்று பேருக்குக் கருப்பட்டி மணத்தது. அதற்கடுத்த முறை, வேப்பங்கட்டையில் ஊறவைத்தேன் என்றேன். கடைசியில் லேசாகக் கசக்கிறது என்று ஒருவர் வியந்தார். இரண்டும் ஒரே கடை, ஒரே அலமாரி, ஒரே விஸ்கி! அன்றிலிருந்து நான் இவர்களை மனதுக்குள் மனிதர்களாக மதிப்பதை நிறுத்திவிட்டேன்.

அவர்களை இகழ்ந்ததில் ஒரு வசதி இருந்தது. ஏமாறுகிறவன் முட்டாள் என்று தீர்மானித்துவிட்டால், ஏமாற்றுகிறவன் தன்னைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. நான் யோசிக்கவில்லை.

அருள் வந்தது பேட்ச் பத்தோ பதினொன்றோ நடந்தபோது. தூத்துக்குடிப் பையன், முப்பது வயது, எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மனைவி ரீனா, ஒரு வயதுப் பெண் குழந்தை. பிளெய்ன்ஸ்பரோவில் அபார்ட்மென்டில் வாடகைக்கு இருந்தார்கள். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான்.

அவன் ஒருவன்தான் பாராட்டவில்லை. கேள்வி கேட்டான்.

"அண்ணே, முதல்ல வடியறதக் கீழ ஊத்திரணும்னு படிச்சேன். நீங்க எவ்வளவு ஊத்துவீங்க? எத்தன டிகிரி வந்ததும் நிப்பாட்டணும்?"

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! "அதெல்லாம் கைப்பக்குவம் தம்பி. நம்பர் சொன்னா வராது" என்றேன். கூட்டம் சிரித்தது. அருள் சிரிக்கவில்லை. நிஜமாகவே கற்றுக்கொள்ள நினைப்பவனின் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று சனிக்கிழமைகள் கேட்டான். மூன்றாவது தடவை, எல்லாரும் சுற்றி நிற்கும்போது, இந்தச் செம்புப் பானை வாங்கத் தனக்கு இப்போது வசதியில்லை, வேறு வழி இருக்கிறதா என்றான். தெரியாது என்ற ஒரு சொல் போதும். அது என் வாயில் வரவில்லை.

"செம்பெல்லாம் ஷோவுக்குத்தான். நம்ம ஊர் பிரஷர் குக்கர் போதும்" என்றேன். "வெயிட்டை எடுத்துட்டு அந்த மூக்குல குழாயைச் சொருகி, சுத்தி சப்பாத்தி மாவைப் பூசிடு. வேலை முடிஞ்சுது. நான் ஆரம்பத்துல அப்படித்தான் பண்ணினேன்."

பேசப் பேச எனக்கே அது அழகாக இருந்தது. குக்கரும் சப்பாத்தி மாவும்! பாஸ்கர் கை தட்டினான்.

அருள் மட்டும் யோசித்தான். "சோளக் கஞ்சி பொங்கி வந்து குழாய அடச்சிட்டா?"

குக்கர் வைத்துப் பருப்பு வேகவைத்த எவனுக்கும் தோன்றக்கூடிய கேள்வி. பருப்பு பொங்கி மூக்கு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

"அடைக்காது. நான் எத்தனை தடவை பண்ணியிருக்கேன்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரீனா கவிதாவுக்கு ஃபோன் செய்தாள். அழுகையில் பாதிதான் புரிந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்க்கிங்கில் நின்றார்கள். அருளை ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். ரீனா குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி புல்தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான். கஞ்சி பொங்கிக் குழாயை அடைத்தது. குழாய் பிய்த்துக்கொண்டு போக, பீறிட்ட ஆவி அடுப்பு நெருப்பில் பற்றிக்கொண்டது. அருள் கையை நீட்டி அடுப்பை அணைத்திருக்கிறான். குழந்தை நான்கடி தள்ளி உயர நாற்காலியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை... ஆகவில்லை என்பதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்!

தீயணைப்புக்காரர்களிடம், எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது என்று சொல்லிவிட்டான். கிரீன் கார்டு நேரத்தில் வேறென்ன சொல்வான்?

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் காரை எடுத்தேன். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். ரீனா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"தப்பு எம்மேலதாண்ணே" என்றான் அருள். "நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். எங்கயோ கோட்ட விட்டுட்டேன். எங்கன்னுதான் தெரியல."

இதோ நேரம். வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா?

"அடுப்பை சிம்ல வெச்சிருக்கணும் தம்பி."

ஆமாம். கட்டுப்போட்டுக் கிடந்தவனுக்குத் திருத்தம் சொன்னேன். அவன் மெதுவாகத் தலையசைத்தான். எங்கே தவறினோம் என்று தெரிந்ததில் அவனுக்கு ஒரு நிம்மதி. ரீனா திரும்பிப் பார்த்தாள், என்னை அல்ல, அவனை. ஒரு பெண் தன் கணவனை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

கை ஆறிவிட்டது. தோல் சுருங்கி, சுண்டுவிரல் மட்டும் முழுதாக நீளாது. ஆறாதது வேறு. ரீனா அவனைக் குழந்தையோடு தனியாக விடுவதில்லை. கடைக்குப் போனாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போகிறாள். போன மாதம் எங்கள் வீட்டிலேயே, எல்லார் முன்னாலும், அவன் குழந்தைக்குப் பால் சூடாக்க எழுந்தபோது, "நீங்க அடுப்புக்கிட்ட போக வேணாம்" என்றாள். அதோடு நிற்கவில்லை. "மூர்த்தி அண்ணன் எத்தன வருஷமா பண்றாங்க, ஒரு சின்ன காயம் உண்டா? எல்லாத்துக்கும் ஒரு பொறுப்பு வேணும்ல."

மூர்த்தி அண்ணன் நான்தான். அருள் தலை குனிந்து உட்கார்ந்தான். நான் என் கையிலிருந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. நீ சரியாகத்தான் செய்தாய், அப்படி ஒரு முறையே கிடையாது, நீ கேட்ட கேள்விதான் சரி, நான் பொய் சொன்னேன். இவ்வளவும் ரீனாவின் காதில் விழுந்தால் அவன் தன் பெண்ணைத் தானே தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போகலாம். அது எனக்குத் தெரிகிறது. தெரிந்துதான் சும்மா இருக்கிறேன்.

கவிதாவுக்கு எல்லாம் தெரியும். அந்த ஒரு முறைக்குப் பிறகு நான் காய்ச்சவில்லை என்பதை வீட்டில் இருப்பவளிடம் மறைக்க முடியுமா? முன்பெல்லாம், தலைக்கு வாங்கின எண்ணெய் பாட்டிலுக்கே தீருது என்று கேலி செய்வாள். விபத்துக்குப் பிறகு கேலி இல்லை.

"ரீனாகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

"அவனுக்கு கிரீன் கார்டு வரட்டும். இப்ப இதைக் கிளறினா அவனுக்குத்தான் பிரச்சனை" என்றேன்.

எவ்வளவு கண்ணியமான காரணம் பாருங்கள்! அவனுடைய நன்மைக்காகவே நான் அவனை மிதித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காரணத்தில் எட்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று அருள் கூப்பிட்டான்.

"அண்ணே, கார்டு வந்துட்டு. சனிக்கிழம வீட்ல சின்னதா ஒரு பார்ட்டி. உங்க பாட்டில் ஒண்ணு வேணும்ணே. ரீனாவே சொல்லிட்டா, ஒழுங்கா செய்யத் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு வாங்குங்கன்னு."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். கொண்டுவருகிறேன் என்றேன்.

என் கடைசிக் காரணமும் தபாலில் வந்து சேர்ந்துவிட்டது. இனி எதைச் சொல்வேன்?... சனிக்கிழமை சொல்லலாம். பாட்டிலை மேசையில் வைத்து, இது கடையில் வாங்கியது என்று ஆரம்பித்தால் மீதி தானாக வரும். பாஸ்கரும் இருப்பான். எல்லாரும் இருப்பார்கள். இத்தனை வருடமாக நான் முட்டாள்கள் என்று நினைத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் ஒரு தகப்பனிடமிருந்து அவன் பிள்ளையைப் பிரித்து வைத்திருக்கிறேன் என்று எழுதும்போது கை கூசுகிறது. கூசினால் என்ன... நாளை மறுநாள் அந்தக் கைதான் ஊற்றும்.

இதை எழுதுவது பேஸ்மென்டில், துணி துவைக்கிற தொட்டியின் பக்கத்தில். தொட்டியில் வெந்நீர். வெந்நீரில் இன்று வாங்கிய பாட்டில். 'பேட்ச் 14' என்று தாளில் எழுதியாயிற்று. லேபிள் பாதிதான் வந்திருக்கிறது.

தேங்காய் எண்ணெயைக் காணவில்லை. எப்போதும் வைக்கிற இடத்தில் இல்லை, சமையலறையிலும் இல்லை, குளியலறையிலும் இல்லை. மேலே போய்க் கவிதாவிடம் கேட்டேன். "ரீனாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

கீழே இறங்கி வந்துவிட்டேன். நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.