தன்னுடையது என்று சொன்ன கட்டுரை

பன்னீர்செல்வத்துக்குத் தன் இங்கிலீஷ் மீது பெருமை அதிகம். காடாம்புலியூரில் பன்னிரண்டாவது முடித்து, ஐ.டி.ஐ. படித்து, சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். நெய்வேலியில் அவர்கள் குவார்ட்டர்ஸ் இருக்கும் பிளாக்கில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஆனால் டிகிரி இல்லை. ஐம்பத்தொரு வயது வரை அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் அபிதான் ஆன்லைனில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கலாம் என்று கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டாள்.

வகுப்பு சனி, ஞாயிறு மாலைகளில். செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் அவரால் உட்கார முடியாது. வகுப்பின் வீடியோ பதிவு பிறகு வரும் என்றாலும் அதை முழுக்கப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. அதனால் மனைவி கனகத்தை லேப்டாப் முன் உட்காரவைத்து, மேடம் சொல்வதையெல்லாம் குறித்துவைக்கச் சொன்னார். கனகம் முத்தாண்டிக்குப்பத்துப் பெண். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியும், கல்யாணம் முந்திக்கொண்டுவிட்டது. மூன்று வாரம் குறிப்பெடுத்தவர், ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார்: “நோட்டு எழுதறவளே பரீட்சையும் எழுதிட்டா என்னாங்க?”

சேர்க்கை முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. பன்னீர்செல்வம் சிரித்துக்கொண்டே கனகத்துக்கும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார்.

முதல் இரண்டு வருடமும் அவருக்கு இன்பமாகத்தான் போயின. வகுப்பில் கை தூக்கிப் பேசுகிறவர் அவர். மேடம் அவர் பெயரைச் சொல்லி அழைப்பார். கனகம் எழுதியதைச் சிவப்புப் பேனாவால் திருத்துவார். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு விளக்கம் சொல்வார். கனகமும் மறுக்காமல் கேட்டுக்கொள்வார்.

மூன்றாம் வருடத்தில் ஆரம்பகால அமெரிக்க இலக்கியம் என்று ஒரு தாள் வந்தது. கப்பலேறிப் போய்க் குடியேறியவர்களின் நாட்குறிப்புகள், தேவாலயப் பிரசங்கங்கள், கடிதங்கள், விடுதலைக் காலத்து உரைகள். இந்தத் தாள் தனக்கென்றே வைத்தது என்று பன்னீர்செல்வம் நினைத்தார். உரைகளை ஹாலில் நின்று உரக்க வாசித்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

ஏதாவது ஒரு பாடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார் மேடம். பன்னீர்செல்வம் சுதந்திரம் பற்றி ஆறு பக்கம் எழுதினார். கனகம் எடுத்துக்கொண்டது ஒரு குடியானவனின் நாட்குறிப்பு. பதினோரு வருடம் எழுதியது. அடுப்படி வேலை முடிந்த மதியங்களில், போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தார். பன்னீர்செல்வம் அதன் சுருக்கத்தை மட்டும் படித்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மேடம் கனகத்தின் இரண்டு பக்கக் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அந்தக் குடியானவன் தன் மாட்டின் பெயரை எழுதியிருக்கிறான், பக்கத்து நிலத்துக்காரன் பெயரை எழுதியிருக்கிறான். மனைவி ஒன்பது இடத்தில் வருகிறாள். ஒரு இடத்திலும் பெயர் இல்லை. அவள் செத்ததற்கு மறுநாள் பீன்ஸ் விதைத்ததாகக் குறிப்பு. ‘நன்றாகச் சாப்பிட்டோம்’ என்று அவன் எழுதிய நாட்களிலெல்லாம் சமைத்தது யார் என்று கனகம் கேட்டிருந்தார்.

“முப்பது பேரில் கனகம் ஒருத்தர்தான் இதைக் கடைசிப் பக்கம் வரை படிச்சிருக்காங்க” என்றார் மேடம். பன்னீர்செல்வத்தின் ஆறு பக்கத்துக்கு ஒரே வரிதான் வந்திருந்தது: மொழி நன்று, பாடத்துக்கு வாருங்கள்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பன்னீர்செல்வம் சிரித்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வயிறு எரிந்தது. திரும்பி வந்து, கட்டுரையில் ஒரு எழுத்துப்பிழை இருப்பதாகச் சொன்னார். திருத்திக்கொள்வதாகச் சொன்னார் கனகம். அந்த அமைதி அவரை இன்னும் எரித்தது.

திங்கட்கிழமை கேன்டீனில் டீ குடிக்கும்போது, கூட வேலை செய்யும் சக்கரபாணி படிப்பெல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். ஒரு கட்டுரையை மேடம் வகுப்பிலேயே வாசித்தார் என்று ஆரம்பித்தார் பன்னீர்செல்வம். யாருடையது என்று கேட்டார் சக்கரபாணி.

“என்னுதுதான்” என்றார் பன்னீர்செல்வம்.

மாட்டின் பெயரையும் பீன்ஸையும் சொன்னார். மேஜையில் இருந்த நாலு பேரும் டீயை வைத்துவிட்டுக் கேட்டார்கள். அந்தக் கால்மணி நேரம் அவருக்கு அவ்வளவு இனித்தது.

இரண்டு வாரம் கழித்து மெயின் பஜாரில் கணவனும் மனைவியும் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது சக்கரபாணி எதிரே வந்தார்.

“அண்ணி, அண்ணன் எழுதின கட்டுரையப் பத்தித்தான் எங்க செக்‌ஷன்ல பேசிகினு இருக்காங்க. மாட்டுக்குப் பேரு உண்டு, பொண்டாட்டிக்கு இல்லன்னு எழுதினாராமே.”

கனகம் கணவரின் முகத்தை ஒருமுறை பார்த்தார். “ஆமாங்க. நல்லா எழுதியிருந்தாரு” என்றார்.

வீட்டுக்கு வந்தார்கள். கத்தரிக்காயைக் கூடையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தார் கனகம்.

“எம்பேரச் சொல்றதுல உங்களுக்கு என்னாங்க நஷ்டம்?”

பேச்சுவாக்கில் வந்துவிட்டது என்று சமாளிக்கப் பார்த்தார் பன்னீர்செல்வம். கனகம் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னார்.

“வயிறு எரிஞ்சிது கனகம். ஒன்ன இதுல இழுத்து வுட்டதே நான்தான. எனக்கு ஒத்த வரி, ஒனக்கு வகுப்பு பூரா.”

“எரிஞ்சா எரியட்டும். அதுக்கு எம்பேர அழிப்பீங்களா? நீங்களே போய்ச் சொல்லுங்க. அதுவரைக்கும் என் நோட்டத் தொடாதீங்க.”

நாலு நாள் தள்ளிப்போட்டார். அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட்; இரண்டு வகுப்பு போயிற்று. கனகத்தின் நோட்டு மேஜைமேலேயே இருந்தது; பன்னீர்செல்வம் தொடவில்லை. ஐந்தாம் நாள் கேன்டீனில் அதே நாலு பேர் இருக்கும்போது, கட்டுரை தன்னுடையது இல்லை, தன் மனைவி கனகம் எழுதியது என்று சொன்னார்.

சக்கரபாணி டீயை உறிஞ்சினார். “எனக்கு அப்பவே சந்தேகம்தாண்ணே. பொண்டாட்டி பேரு இல்லன்னு நம்மள்ல எவன் கவனிப்பான்?”

எல்லோரும் சிரித்தார்கள். பன்னீர்செல்வமும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்து சொன்னார். எல்லோர் முன்னாலும் சொன்னாரா என்று மட்டும் கேட்டுவிட்டு, நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார் கனகம்.

பரீட்சை கடலூரில் நடந்தது. ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அந்தத் தாளில் கனகத்துக்கு எழுபத்தொன்று, பன்னீர்செல்வத்துக்கு முப்பத்துநாலு. நாட்குறிப்பைப் பற்றிக் கேட்ட கேள்விக்கும் அவர் சுதந்திரத்தைப் பற்றித்தான் எழுதிவிட்டு வந்திருந்தார். மற்ற தாள்கள் தேறின. இது ஒன்று மட்டும் அரியர். மேடம் சொன்னதன்பேரில் கனகம் எம்.ஏ.வுக்கு எழுதிப் போட்டார், இடமும் கிடைத்தது.

இப்போது மதியங்களில் இருவரும் சாப்பாட்டு மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து படிக்கிறார்கள். சொல்லித்தரட்டுமா என்று கனகம் ஒருநாள் கேட்டதற்கு வேண்டாம் என்றார் பன்னீர்செல்வம். அன்று ஒரு பிரசங்கத்தின் நடுவில் அரைமணி நேரம் முட்டி நின்றார். பிறகு தலையைத் தூக்காமல், இந்தப் பாதிரியார் எதற்குத் தன் ஜனங்களை இப்படிப் பயமுறுத்துகிறார் என்று கேட்டார். கனகம் தன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். கடல் தாண்டி வந்தவர்களின் பயம், முதல் குளிர்காலத்தில் செத்துப்போன குழந்தைகள், பயத்தை வைத்தே ஊரைக் கட்டி நிறுத்தியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று பன்னீர்செல்வத்துக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.