கோவளம் பாறையில் சிப்பி கட்டிய ஞாயிறு

மீன் தின்னாத இரண்டு பேர் மீன் பிடிக்கக் கோவளம் போய் வந்த விவரம் இது. போனது மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். தூண்டிலோடு அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் சூப்பரின்டென்ட் சங்கரலிங்கம் பிள்ளை நாஞ்சில் நாட்டுச் சைவர். வெங்காயத்தைக்கூட யோசித்துத்தான் இலையில் அனுமதிப்பார். அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்கார இஞ்சினீயர் பென்ஷன் வாங்கிக் கப்பல் ஏறும்போது தம்முடைய மூங்கில் தூண்டிலை, நூல் சுற்றும் சக்கரத்தோடு, பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தார். ஊர் போய்ச் சேர்ந்ததும் கடிதம் போட்டார்: இதுவரை என்ன மீன் பிடித்தீர்? மேலதிகாரியின் கடிதத்துக்குப் பதில் போடாமல் மூன்று மாதம் இருந்தது பிள்ளையின் சர்வீசில் அதுவே முதல் தடவை.

என் கவலை வேறு. என்னைத் தேவிகுளத்துக்கு மாற்றும் காகிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. எனக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு. மார்கழிப் பனிக்கே கரமனை வீட்டில் உட்கார்ந்தபடி தூங்குகிறவன் அந்த மலைக் குளிரில் ஒரு வருஷம் தாங்கமாட்டான் என்று டாக்டர் எழுதிய சான்றிதழ், அதே காகிதத்தின் அடியில் குத்தப்பட்டு, யாரும் படிக்காமல் இருந்தது. ஆகவே பிள்ளை என்னைக் கூப்பிட்டு, "ஓய் சுவாமி, பாறை மீனுக்குச் சிப்பிதான் இரையாம். ஞாயித்துக்கிழமைக்கு ஏற்பாடு பண்ணும்" என்றபோது, சிப்பி நீளமா உருண்டையா என்று தெரியாமலே "ஆகட்டும் சார்" என்றேன்.

சனிக்கிழமை மாலை பியூன் சாலைக் கடைத்தெருவிலிருந்து அரைச் சாக்குச் சிப்பி வாங்கி வந்தான். கறுப்பு ஓடுகள், எல்லாம் இறுக மூடியிருந்தன. உயிரோடு இருக்கிறது என்றான். அக்கிரகாரத்துக்குள் கொண்டுபோக முடியாது. எனவே கரமனை ஆற்றில், படித்துறையைத் தாண்டி யார் கண்ணிலும் படாத இடத்தில், நல்ல ஓட்டத்தில் சாக்கை இறக்கிக் கட்டினேன். எதையும் சுத்தமாக வைத்திருக்க அந்த ஆற்றைவிட உயர்ந்த இடம் எங்கள் தெருவுக்குத் தெரியாது.

காலை ஆறு மணிக்கு வில்வண்டியில் கிளம்பினேன். போக வர வாடகை எங்கள் சமஸ்தானக் காசில் இருபத்தெட்டுச் சக்கரம். கோவளம் ஏழு மைல் சொச்சம். இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும் என்றான் வண்டிக்காரன். திருவல்லம் தாண்டியதும் திரும்பிப் பார்த்தான்.

"சாமீ, அந்தச் சாக்குல என்ன? மாடு ஓடுது பாத்தீங்களா?"

"ஓடினால் நல்லதுதானே?"

"எனக்கும் இறங்கி ஓடணும் போலத்தான் இருக்கு."

எட்டேகாலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

கடல் வற்றியிருந்தது. பாறையில் ரோசம்மா என்ற பெண்பிள்ளை, நாற்பது வயதிருக்கும், இரும்புத் தகட்டால் சிப்பி சுரண்டிக்கொண்டிருந்தாள். என் சாக்கைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எல்லாச் சிப்பிகளும் வாயைப் பிளந்திருந்தன.

"இதை எங்க வெச்சிருந்தது சாமீ?"

"ஆற்றில். சுத்தமான தண்ணீர்."

அவள் தகட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "உப்புத் தண்ணியில பிறந்ததைக் குளிப்பிச்சே கொன்னாச்சு! இனி எள்ளும் தண்ணியும் விட்டுட்டுப் போ சாமீ."

என் கதையைக் கேட்டபின் அவளே இருபத்தைந்து சிப்பி சுரண்டித் தந்தாள். பிடிக்கிற மீன் அவளுக்கு என்று பேச்சு. கத்தியை ஓட்டின் இடுக்கில் விட்டுத் திருப்ப வேண்டும். உள்ளே மஞ்சளும் சிவப்புமாகக் கொழகொழவென்று சதை இருக்கும். நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு திறந்தேன்.

பத்து மணிக்குப் பிள்ளை கோட்டும் தலைப்பாகையுமாக நண்பர் ஒருவரின் காரில் வந்து இறங்கினார். இஞ்சினீயர் வீசுவதைப் பார்த்திருக்கிறார்; அதே மாதிரி வீசினார். முள் ஒரு திசையில் போயிற்று.

"ஓய், இரை எங்கே?"

"கடலில் சார்."

"முள்ளு?"

"அதுவும் கடலில்தான் சார். வேறு இடத்தில்."

இப்படிப் பதினேழு தடவை. "எங்க ஆளுங்க நூலைக் கையில பிடிச்சு மெல்லக் கீழ விடுவாங்க. இந்த வீச்சுக்குக் கல்லைக் கோத்தாலும் நிக்காது" என்றாள் ரோசம்மா. பிள்ளை கேட்கவில்லை. இஞ்சினீயர் வீசினார், ஆகவே வீச வேண்டும். பதினொன்றரைக்கு எட்டுச் சிப்பிதான் மிச்சம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, அரை மணியில் பாறையை விட்டு இறங்க வேண்டும். பிள்ளை திரும்பாமலே சொன்னார்:

"உமக்கு இனி இந்தத் தொல்லை இராது ஓய். தேவிகுளத்தில் கடல் கிடையாது."

என் தயிர்சாதப் பொட்டலம் அப்போது கண்ணில் பட்டது. வாழைநாரால் கட்டியிருந்தது. பத்து வயது முதல் கோவிலுக்குத் துளசியும் அரளியும் கட்டிக் கொடுத்தவன் நான். நாரைக் கடல் தண்ணீரில் நனைத்து இழையாகக் கிழித்தேன். இரண்டு சிப்பிச் சதையை முதுகோடு முதுகாக முள்ளில் வைத்து, காம்பைக் கட்டுவது போலவே இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. முள்ளின் நுனி மட்டும் வெளியே.

"மீனுக்கு மாலை போடுதியா சாமீ?" என்றாள் ரோசம்மா.

பிள்ளை வீசினார். முள்ளும் சிப்பியும் முதல் தடவையாக ஒன்றாகப் போய் விழுந்தன. மூன்றாவது வீச்சில் தூண்டில் வளைந்தது. ஐந்து நிமிஷம் இழுபறி. பாறைமேல் வந்து விழுந்தது ஒரு கலவா மீன்.

"உயிரோட இருக்கே ஓய்!" என்று பிள்ளை இரண்டடி பின்வாங்கினார்.

தொடாமலே அளந்தோம். என் குடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஒன்றேகால் அடி. பிள்ளை பாக்கெட் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். ரோசம்மா மீனைக் கூடையில் போட்டாள்.

"பிடிச்சவர் திங்கமாட்டார், கட்டினவர் தொடமாட்டார். தினமும் வாங்க சாமீ."

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சிப்பியை முந்தின நாள் வாங்க வேண்டாம். கடல் வற்றும் நேரம் கேட்டுக்கொண்டு போனால் பாறையிலேயே கிடைக்கும். வைத்திருந்தே ஆக வேண்டுமென்றால் ஈரச் சாக்கும் நிழலும் போதும், எந்தப் புண்ணிய நதியும் வேண்டாம். வீசுவதானால் கட்டுங்கள். பாறை வழுக்கும், செருப்பைக் கழற்றிவிடுங்கள். வாடை கையை விட்டுப் போக நான்கு நாள் ஆகும். என் வீட்டில் என்னைப் பூக்கூடைப் பக்கம் இன்னும் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை இஞ்சினீயருக்குப் பதில் தபாலில் சேர்ந்தது. அன்று மத்தியானமே என் மாற்றல் காகிதம் திரும்பி வந்தது. சான்றிதழ் குத்தின இடத்திலேயே இருந்தது, மடிப்புக் கலையவில்லை. மேலே பிள்ளையின் கையெழுத்தில் ஒரு வரி: "இவருடைய விசேஷ அனுபவம் தலைமை ஆபீசுக்கு இன்றியமையாதது. மாற்றல் ரத்து." இரண்டு ஞாயிறு கழித்து மறுபடி போனோம்.

இழுப்பு உள்ளவர்களுக்குக் கடற்காற்று ஆகுமா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு ஆயிற்று. நார் கொண்டு போங்கள்.