கொலுசு துடைத்த அம்மா

திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறைக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. ஒல்லியான உடம்பு, வாராத நரைமுடி. உள்ளே அவருடைய மகள். நர்ஸ் கழற்றிக் கொடுத்த மகளின் வெள்ளிக் கொலுசை ஒரு டம்ளர் சோப்புத் தண்ணீரில் முக்கி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு மணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பல்பொடி போட்டா சீக்கிரம் வெளுக்குமே" என்றேன்.

"கீறல் விழுந்துரும்மா. இப்படி மெதுவாத்தேன் தேய்க்கணும். கறுத்துக் கெடந்தா அவ போட மாட்டா."

நர்ஸ் வந்து அவரைக் கூப்பிட்டார். "செத்த நேரம் ஈரம் போகத் தொடச்சு வைங்க, வாரேன்" என்று அந்த அம்மா கொலுசை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் துடைத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவர், "பொழச்சுக்கிட்டா" என்றார். கொலுசை நீட்டினேன். அதுவரை ஒரு தடவைகூட நடுங்காத அந்தக் கைகளால் அதை வாங்க முடியவில்லை.