சென்றியில் சாயம் போட்ட நாள்

பயம் என் கூடப்பிறந்தது. இடி முழங்கினால் பயம், கடல் இரைந்தால் பயம், பஸ் கொஞ்சம் வேகமாகப் போனாலும் பயம். கலியாணம் முடித்த புதிதில் என் புருஷன், "உனக்குப் பேய் பிசாசெல்லாம் தேவையில்ல புள்ள, ஒரு பல்லியே காணும்" என்று சிரிப்பார். எண்பதுகளின் நடுப்பகுதியில் சண்டை எங்கள் பக்கமும் வந்தபோது ஊரே என்னைப் போல ஆகிவிட்டது. சைக்கிள் ரயர் வெடித்தாலும் எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள். அப்போது என்னைக் கேலி செய்ய ஒருவரும் இருக்கவில்லை, அவரும்தான்.

கிழக்கிலங்கைக் கடலோரத்து மருதமுனையில் எங்கள் வீட்டு வளவில் இரண்டு தறிகள் இருந்தன. ஒன்றில் என்னைப் பெற்ற உம்மா, மற்றதில் நான். ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரன் நெய்தோம். பருத்தி எந்த நாட்டில் காய்க்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. எங்களுக்கு நூல் என்றால் லொறியில் வந்திறங்கும் வெள்ளைப் பண்டல்தான். அதைக் கழி கழியாகப் பிரித்து, சாயம் போட்டு, நிழலில் காயவைத்து, ராட்டில் சுற்றி, பாவு ஓட்டி, தறியில் ஏற்றி, சாரனாக மடித்துக் கொடுக்கும் வரை எல்லாம் வளவுக்குள்ளேயே நடக்கும். நெய்வது பெண்கள், சாயம் போடுவது ஆண்கள். சாயத்துக்குச் சேர்க்கும் கோஸ்டிக் சோடா கையைச் சுட்டுவிடும், அதனால் பெண்கள் தொடவேண்டாம் என்பார்கள். அடுப்பு மட்டும் எங்களைச் சுடாதாம்.

சிவப்புக்கு இரண்டு தண்ணீர் வேண்டும். முதல் தண்ணீரில் கோஸ்டிக்கும் ஒரு தூளும் கரைத்திருக்கும். அதில் நனைத்த நூல் மங்கிய மஞ்சளாக இருக்கும், சாயம் போட்ட நூல் என்றே சொல்லமாட்டீர்கள். அதை அந்த ஈரத்தோடு பிழிந்து, வேறொரு தூள் கரைத்த இரண்டாம் தண்ணீரில் போட்டால், கண்மூடித் திறப்பதற்குள் சிவப்பு ஏறிவிடும். முதல் தண்ணீர் படாத நூலை இரண்டாம் தண்ணீரில் நாள் முழுக்க ஊறப்போட்டாலும் நிறம் பிடிக்காது. இரண்டாம் தண்ணீர் குளிர்ந்தே இருக்கவேண்டும், சூடேறினால் நுரைத்துப் பழுப்பாகிவிடும். அதற்காகச் சாயம் போடும் நாளில் மீன்காரரிடம் ஐஸ்கட்டி வாங்குவோம். மீன் வாங்காத நாளிலும் எங்கள் வீட்டில் மீன் வாடை அடிக்கும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் கடற்காற்றில் கோஸ்டிக்கைத் திறந்து வைத்தால் ஈரத்தைக் குடித்துக் கசியத் தொடங்கும். சாயத்தூளும் கட்டிபட்டுவிடும். ஆகவே பால்மா வந்த தகர ரின்னில் போட்டு இறுக மூடி, அந்த ரின்னை உமிச்சாக்கின் நடுவில் புதைத்து வைப்போம். கடையிலிருந்து கொண்டுவருவதும் அப்படித்தான். சைக்கிள் கரியரில் ஒருவர் உமிச்சாக்கைக் கட்டிக்கொண்டு போனால், உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கிற ஆட்களும் ஒரு நாள் வருவார்கள் என்று நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

அது மாரிகாலம், ஆனாலும் அன்று நல்ல வெயில். என் புருஷன் காலையிலேயே முதல் தண்ணீரைக் கரைத்து நூலை நனைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இரண்டாம் தூள் ரின்னைத் திறந்து பார்த்தார். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கிடந்தது, அவ்வளவுதான். நனைத்த நூல் கனநேரம் காத்திருக்காது. ஈரச்சாக்கால் அதை மூடிவிட்டு, கல்முனைக்குப் போய் வாறன் என்று சைக்கிளை எடுத்தார். "கோஸ்டிக்கும் ஒரு ரின் வாங்கிட்டு வந்திருவன்" என்றார். கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடிந்தும் அவர் வரவில்லை. கல்முனை எங்களுக்குக் கூப்பிடுதூரம். நான் தறியில் இருந்து எழும்பிப் படலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். பஸ்ஸில் வந்திறங்கிய அடுத்த தெருக்காரர் ஒருவர் படலையில் நின்று, உள்ளே வராமலேயே சொன்னார்.

"உங்கட மாப்பிள்ளைய சென்றியில இருத்தி வெச்சிரிக்காங்க. உமிச்சாக்குக்குள்ள இருந்து என்னவோ எடுத்தாங்களாம். அதத் தொட்டு ஒரு சென்றிக்காரன்ட கை வெந்துபோச்சாம்."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் பிள்ளைகுட்டிகள் இருந்தன. அந்த நாட்களில் ஆமி ரோட்டை மறித்துச் சோதிக்கிற சென்றியில் இருத்தியவர்களில் சிலர் பின்னேரமே வந்தார்கள். சிலரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றிக்கொண்டு போனவர்களைப் பற்றி யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை.

"ஆம்பிளையள் போகேலா மனே" என்றார் உம்மா. "போனா அவங்களையும் இருத்திருவாங்க. நீதான் போகணும்."

"எனக்குச் சிங்களம் தெரியாதே உம்மா. நான் என்னத்தச் சொல்ற?"

"சொல்லாட்டிப் போ. போய் நில்லு. பொஞ்சாதி ஒருத்தி இரிக்காண்டு கண்டாவே அவங்களுக்கு ஒரு யோசன வரும்."

வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது. சாயம் என்று சொல்வதற்கு ஏதாவது கையில் வேண்டும் என்று தோன்றி, ஈரச்சாக்கைத் தூக்கி ஒரு கழி நூலை எடுத்து பெரிய பிளாஸ்டிக் பேசினில் போட்டேன். வழியில் காய்ந்துவிடும் என்று உம்மா முதல் தண்ணீரிலும் கொஞ்சம் அள்ளி அதன்மேல் ஊற்றினார். பிள்ளையை அவர் மடியில் கொடுத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு, பேசினை இடுப்பில் ஏற்றி நடந்தேன். யாஸீன் ஓதிக்கொண்டு போனேன். பாதியில் எங்கே நிற்கிறேன் என்று மறந்துபோய்த் திரும்பத் திரும்ப முதலில் இருந்து தொடங்கினேன்.

சென்றியில் மண்மூட்டைகளும் தார் பீப்பாக்களும் இருந்தன. பீப்பாவுக்கு அருகில் இவர் முழந்தாளில் இருந்தார், கைகள் தலைக்குப் பின்னால். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. உமி முழுவதும் ரோட்டோரம் கொட்டிக்கிடக்க, இரண்டு பால்மா ரின்களும் ஒரு மேசையில் தனியாக வைக்கப்பட்டிருந்தன. குண்டு மருந்தோ என்று அவற்றுக்குக் கிட்ட யாரும் போகவில்லை. ஒரு சிப்பாய் கையில் ஈரத்துணி சுற்றியிருந்தான். வியர்த்த கையால் கோஸ்டிக்கை அள்ளிப் பார்த்திருக்கிறான். என்னைக் கண்டதும் இவருடைய முகம் மாறிய விதத்தில், நான் வந்ததே பிழையோ என்று எனக்குப் பயம் கூடியது.

சோதனைக்கு வரிசையில் நின்றவர்களில் ஒருவர் எங்களுக்கு ஐஸ் தருகிற மீன்காரர். அம்பாறைப் பக்கம் மீன் விற்கப் போய் நல்ல சிங்களம் பழகியவர். "தங்கச்சி, அழாம நில்லுங்க. நீங்க சொல்றத நான் சொல்றன்" என்றார். தைரியமாகத்தான் சொன்னார், ஆனால் அவர் பிடித்திருந்த சைக்கிளின் மணி தானாகக் கிணுகிணுத்தது.

அதிகாரி இளம் ஆள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. மெதுவாகக் கேட்டார், மீன்காரர் எனக்குச் சொன்னார்.

"சாயம் எண்டா ஏன் உமிக்குள்ள ஒளிச்சாண்டு கேக்கிறார்."

"ஒளிக்கல்ல. ஈரம் படாம இரிக்க வெச்சது. எங்கட ஊர்ல எல்லாரும் அப்படித்தான்."

"சாக்குக்குள்ள என்னண்டு கேட்டதுக்கு உங்கட மாப்பிள்ள உமி எண்டு மட்டும்தான் சொன்னாராம். கம்பியால குத்தினபொறகுதான் ரின் இரிக்கிறது தெரிஞ்சதாம்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். கேள்வி கேட்ட துப்பாக்கிக்கு முன்னால் முதலில் வாயில் வந்த சொல்லைச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "போட்டுக் காட்டுறன் எண்டு சொல்லுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் நான் ஒரு நாளும் சாயம் போட்டதில்லை என்பது எனக்கு உறைத்தது. தறியில் இருந்தபடி பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

ஒரு வாளியில் தண்ணீர் தந்தார்கள். மீன்காரர் பெட்டியைத் திறந்து ஐஸ்கட்டிகளை அள்ளிப் போட்டார், இரண்டு மீன் செதிலும் கூட விழுந்தது. தூள் எவ்வளவு? இவரைப் பார்த்தேன். இவர் வாயைத் திறந்தார், பின்னால் நின்ற சிப்பாய் துவக்கை உயர்த்த வாயை மூடிக்கொண்டார். மேசையில் இருந்த தூள் ரின்னுக்குள் கைவிட்டு வந்ததை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். நூல் கழியைப் பிழிந்து எடுத்து அல்லாஹ்வை நினைத்துக்கொண்டு அமுக்கினேன்.

சிவப்பு ஏறியது. மங்கிய மஞ்சள் நூல் என் கைகளுக்கு நடுவில் சிவந்தது. சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் பார்த்து ஏதோ கதைத்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

அதிகாரி காற்சட்டைப் பையில் இருந்து முகம் துடைக்கும் தன் வெள்ளை லேஞ்சியை எடுத்து வாளிக்குள் போட்டார். ஒரு குச்சியால் அமுக்கினார். திருப்பினார். தூக்கிப் பார்த்தார். லேஞ்சி வெள்ளையாகவே இருந்தது.

"அந்த நூலுக்குள்ள நீங்க வேற என்னவோ வெச்சிக் கொண்டு வந்திரிக்கீங்களாம்" என்றார் மீன்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் தங்கச்சி ஏறல்ல?" என்று அவராகவும் கேட்டார். எனக்காகக் கதைக்க நின்ற மனிதருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் என்னை உலுப்பியது. இவர் முழந்தாளில் இருந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். ரோட்டோரம் நின்ற வாகனத்தை ஒருவன் இயக்கினான். எதற்காக இயக்கினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இவரை ஏற்றத்தான் என்று அந்த நேரம் நினைத்தேன். வீட்டில் பிள்ளை அழும் நேரம், பால் கட்டி நெஞ்சு வலித்தது.

பேசினைக் காட்டினேன். அடியில் உம்மா ஊற்றிய தண்ணீர் கிடந்தது. "இது முதல் தண்ணி. இதில நனைக்காட்டி ஏறாது" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். மீன்காரர் சொன்னார். அதிகாரி பேசினை எட்டிப் பார்த்தார், துணி சுற்றிய சிப்பாயின் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.

"உங்கட கைய முதல்ல வைக்கட்டாம்."

வைத்தேன். வழுவழுப்பாக இருந்தது, நகக்கண்ணில் எரிந்தது. எரிவதை முகத்தில் காட்டாமல் அப்படியே நின்றேன். அவர் போதும் என்று சொல்லும் வரை கையை எடுக்கவில்லை. பிறகு லேஞ்சியை வாங்கி முதல் தண்ணீரில் முக்கிப் பிழிந்தேன். வாளியைத் திரும்பிப் பார்த்தால் ஐஸ் கரைந்துவிட்டது, வெயிலில் ஓரமாக நுரை கட்டத் தொடங்கியிருந்தது. தண்ணீர் கெட்டுக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. மீன்காரர் பெட்டிக்குள் மிச்சமிருந்ததையும் கவிழ்த்துக் கொட்டினார். நான் லேஞ்சியை உள்ளே விட்டேன்.

நல்ல சிவப்பு இல்லை. ஓரங்கள் திட்டுத்திட்டாக இருந்தன. ஆனால் சிவப்புத்தான். வீட்டில் என்றால் இவர் விற்க உதவாது என்று தூக்கிப் போட்டிருப்பார்.

அதிகாரி அதை இரண்டு விரலால் பிடித்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "ஹரி, யன்ன" என்றார். சரி, போங்கள் என்ற அந்தச் சிங்களம் எனக்கும் விளங்கியது. ரின் இரண்டையும் விசாரிக்க வேண்டும் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மீன்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "போங்க, சுறுக்காப் போங்க" என்றார் அவர். ஐஸ் இல்லாத மீனை என்ன செய்வது என்று அவரும் யோசித்திருப்பார்.

இவருக்கு எழும்ப முடியவில்லை, கால் மரத்துவிட்டது. நான் சைக்கிளைத் தள்ள, அவர் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். சென்றி கண்ணுக்கு மறைந்தது. பிறகு அவர், "தூள் கூடிப்போச்சு. அரைக் கரண்டி காணும்" என்றார். சொல்லிவிட்டு ரோட்டிலேயே நின்று, பேசினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மி அழுதார். ஆண்பிள்ளை அப்படி அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. என் இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவந்துகிடந்தன, அவர் தோளைத் தொடவும் யோசனையாக இருந்தது. தொட்டேன்.

வீட்டில் நனைத்துவைத்த நூல் முழுவதும் கெட்டுப்போயிருந்தது. தறி இரண்டும் சும்மா நின்றன. நூல் வாங்கலாம். தூள் வேண்டும் என்றால் கல்முனைக்குப் போகவேண்டும், அதே ரோட்டால், அதே சென்றியைத் தாண்டி. அங்கே ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். லேஞ்சி சிவந்ததைக் கண்டவர்கள் இருந்தால் நல்லது, காணாதவர்கள் இருந்தால்?

இவர் அடுத்த முறை சைக்கிளை எடுத்தபோது நான் பிள்ளையை உம்மாவிடம் கொடுத்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்து நின்றேன். அவர் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தார். முன் பாரில் ஏறி இருந்தேன். மடியில் ஒரு மூடிபோட்ட வாளி, அதற்குள் முதல் தண்ணீரில் மிதக்கும் ஒரு கழி நூலும் ஒரு துண்டு வெள்ளைத் துணியும். அதற்குப் பிறகு அவர் தூள் வாங்கப் போன ஒவ்வொரு முறையும் அப்படித்தான் போனோம், வயிற்றில் அடுத்த பிள்ளை இருந்தபோதும். சென்றியில் ரின்களைத் திறந்து பார்ப்பார்கள், போகச் சொல்வார்கள். ஒரு முறைகூட யாரும் என்னைச் சாயம் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் போகிறார்கள் என்று, வாளியின் மூடியில் கையை வைத்தபடியே நான் இருந்தேன்.