எல்லா நாளும் பூஜ்ஜியம்

நிலா, கவின், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். முட்டியில் கட்டோடு படுத்திருக்கும் அப்பா அம்மா உள்ள மற்ற பிள்ளைகளும் படிக்கலாம்.

ஓசூர் கம்பெனியில், மெஷினுக்கு அடியில் எண்ணெய் கசிகிறதா என்று குத்துக்காலிட்டுப் பார்த்தேன். எழும்போது உடம்பு திரும்பியது, வலது பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் 'டக்' என்றது. அதற்கப்புறம் காலை முழுசாக நீட்ட முடியவில்லை.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், மெனிஸ்கஸ் (முட்டிக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்து) கிழிந்துவிட்டது என்றார்.

"கிழிஞ்சதை வெட்டி எடுத்தா சீக்கிரம் வேலைக்குப் போயிடலாம். தைச்சா மாசக்கணக்குல பொறுக்கணும், ஆனா மெத்தை மிஞ்சும். உங்களுது தைக்கலாம்."

எனக்கு நாற்பத்தொன்று. இன்னும் எத்தனையோ வருஷம் மெஷின் முன்னால் நிற்க வேண்டியவன். தைக்கச் சொன்னேன்.

தைத்த முட்டி எப்படித் தேறுகிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆய்வு நடந்தது. சம்மதம் கேட்டார்கள், கையெழுத்துப் போட்டேன். ஒரு தாள் தந்தார்கள். தினமும் சாயங்காலம் வலிக்குப் பூஜ்ஜியத்திலிருந்து பத்துவரை ஒரு நம்பர் எழுத வேண்டும். நான்கு மாசம் தரையில் உட்காரக் கூடாது.

ஐந்தாவது வாரம் காவேரிப்பட்டினத்தில் உங்கள் மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் எல்லாரும் கீழே இருக்க, நான் மட்டும் நாற்காலியிலா என்று கூச்சம். முட்டிக் கட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எழும்போது உள்பக்கம் சுருக்கென்றது. வீங்கியது. உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், எழுதாமல் விட்டிருந்த பத்து நாளுக்கும் சேர்த்துப் பூஜ்ஜியம் போட்டேன். எங்கள் லைனில் செக்‌ஷீட்டை (பீஸை அளந்து குறிக்கும் தாள்) அப்படித்தான் பலபேர் ரொப்புவோம். ஷிஃப்ட் முடியும்போது மேலிருந்து கீழே ஒரே ஓட்டம், எல்லாம் ஓகே. ஒரு நம்பர் மாறினால் நாலு பேர் வந்து நின்று கேள்வி கேட்பார்களே.

தாளை வாங்கிய பிசியோதெரபிஸ்ட் (பயிற்சி கொடுத்துத் தசையைத் தேற்றுபவர்) சின்னப் பெண். சிரித்துவிட்டாள்.

"ஏண்ணா, பத்து நாளும் ஒரே பேனா, ஒரே கோணல். பஸ்ஸுல எழுதினீங்களா?"

"வலி இல்லம்மா, அதான்."

"உங்க கம்பெனியில பீஸை அளக்காம ஓகே போட்டா என்னண்ணா ஆகும்?"

"ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும்."

"முட்டியை யாருண்ணா திருப்பி எடுத்துப்பாங்க? இந்தத் தாளை நம்பித்தான் அடுத்து வர்றவங்களை எப்ப நடக்க விடறதுன்னு முடிவு பண்ணுவாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி ஸ்கேன். தையல் பிரிந்திருந்தால் இன்னொரு ஆபரேஷன், அப்புறம் மெஷின் வேலை சந்தேகம்தான். முடிவு வர இரண்டு நாள் ஆனது. அதுவரை அம்மா பேசிய ஒரே பேச்சு: "நாற்காலிக்கு வேற சோறா போடறாங்க?"

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "தையல் பிடிச்சிருக்கு. சுத்திலும் வீக்கம்தான். இன்னொரு தடவை இப்படித் தப்பிக்க முடியாது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மா என் கையை விடவேயில்லை.

இப்போது பத்தாவது மாசம். மெஷினில் நிற்கிறேன். முன்பு ஷிஃப்ட் முடிந்தால் நாள் முடிந்தது. இப்போது சாயங்காலம் முட்டியில் கை வைத்து, அது சொல்வதைக் கேட்டு எழுதிய பிறகுதான் முடிகிறது. "வலிக்குதாப்பா?" என்று நீங்கள் கேட்டால் இல்லை என்று மழுப்புவதில்லை. நம்பர் சொல்கிறேன்.

நேற்று "ரெண்டு" என்றேன். கவின், நீ என் செருப்பை எடுத்துவந்து முன்னால் போட்டாய்.

"ரெண்டுன்னா கிரவுண்டு வரைக்கும் வருவீங்க. வாங்க."

போனோம்.