மிக்ஸ் கேஸில் கருகிய ஊசி

பத்து நாளா ரூம்ல தனியா டிக் வெல்டிங் பழகுறேன், ஊசி முனையில பொறி பிடிச்சு ஒட்டற வேலை. ஆர்க் பிடிச்சதுமே டங்ஸ்டன் ஊசி கருகிப் போகுது. மெஷின்லதான் கோளாறுன்னு நினைச்சு, அதைத் திட்டிக்கிட்டே இருந்தேன்.

இன்னைக்கு அந்த ஊசியை எடுத்துக்கிட்டு கஞ்சிக்கோட்டுல இருக்கிற வெல்டிங் கேஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை ஒரு தடவைதான் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, கம்பெனியில மிக் வெல்டருங்களா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"அவங்கதானுங்க இந்தத் தப்பைப் பண்ணுவாங்க. மிக்குக்குப் போடற மிக்ஸ் கேஸையே டிக்குக்கும் போட்டுருவாங்க. அதுல கார்பன் டை ஆக்சைடு இருக்குதுங்க, ஊசியைத் தின்னுரும். டிக்குக்கு சுத்த ஆர்கான் போதுங்க. இரும்பு, ஸ்டீல், அலுமினியம், எல்லாத்துக்கும் அதேதான்."

ஒரு ஆர்கான் சிலிண்டரை எடுத்துக் குடுத்துட்டு, "வேற ஏதாச்சும் சந்தேகமுங்களா?"ன்னு கேட்டார்.

இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எலப்புள்ளி ரூமுக்கு வந்து, காத்து கேஸைக் கலைச்சிரும்னு ஃபேனை நிறுத்திட்டுப் பத்த வச்சேன். ஸ்டீல் துண்டுல ஒட்டு பளபளன்னு விழுந்துச்சு. "இங்க பாருங்க"ன்னு சத்தமா சொல்லிட்டுத் திரும்பினேன். பின்னாடி சுவர்தான் இருந்துச்சு.

அப்பதான் உறைச்சது. மூணாறு எஸ்டேட்டை விட்டு வந்த இந்த மூணு மாசத்துல, ஒருத்தர் என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினது இன்னைக்குத்தான். அந்தப் பேச்சை முடிச்சு வச்சதும் நான்தான்.

இனி சிலிண்டர் தீர்ற வரைக்கும் அந்தக் கடையில எனக்கு வேலையில்லை.

வெல்டிங் தெரிஞ்சவங்க, நாளைக்கு அவர்கிட்ட கேட்க ஒரு சந்தேகம் சொல்லுங்க. பதில் சொல்ல அரை மணி நேரமாவது ஆகணும்.